மேட்டில் ஏறினால் அணையும் மோவர்: சீட் ஸ்விட்ச் கோளாறை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது எப்படி?

சமதளத்தில் ஒழுங்காக ஓடுகிற ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) சரிவில் ஏறியதும் அணைந்து போனால், முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சீட் ஸ்விட்ச் பொய் சொல்கிறதா, உண்மையைச் சொல்கிறதா? ஸ்விட்ச் பழுதாகியிருந்தால், ஆள் உட்கார்ந்திருக்கும்போதே 'ஆள் இல்லை' என்று எஞ்சினை நிறுத்திவிடும். ஆனால் பல நேரங்களில் ஸ்விட்ச் நன்றாகவே இருக்கும். சரிவு அதிகமாகி, ஓட்டுபவரின் உடல்தான் சீட்டை விட்டு எழும்பியிருக்கும். பழுது என்றால் சில பத்து டாலரில் முடிந்துவிடும். உடல் எழும்புவதுதான் காரணம் என்றால் எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை. அந்த இடத்தில் மோவர் ஓட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒயரை முறுக்கி ஸ்விட்சை ஒதுக்கி வைப்பவர்கள், எச்சரிக்கை மிகத் தேவைப்படும் இடத்தில் அதன் வாயைக் கட்டிவிடுகிறார்கள்.

இங்கே சொல்லியிருப்பது அமெரிக்க வீடுகளில் புழங்கும் பெட்ரோல் லான் டிராக்டர்களுக்கும், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் மோவர்களுக்கும் பொருந்தும். ஒயரின் நிறம், பாகத்தின் எண், கனெக்டரின் வடிவம் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அவற்றுக்கு உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

## கை வைக்கும் முன்

எந்தச் சோதனையையும் சரிவில் செய்யாதீர்கள். வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, பிளேடைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஸ்விட்சை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் கை விடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் இரண்டு ஒயர்களையும் கழற்ற வேண்டும்.

தேவைப்படும் சாமான்கள் அதிகம் இல்லை. சாதாரண மல்டிமீட்டர், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, சிறிய டார்ச், மின் இணைப்பை ஈரத்திலிருந்து காக்கும் டை எலெக்ட்ரிக் கிரீஸ், பத்தே நிமிடம் உதவிக்கு உட்கார ஒரு ஆள்.

பிரித்துப் பார்ப்பதற்கு முன், அமைப்பு இப்போது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மாடல்களில் நடக்க வேண்டியவை இவை:

1. பி.டி.ஓ. போட்டிருந்தாலோ பிரேக் பெடல் அழுத்தப்படாமல் இருந்தாலோ, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது.
2. எஞ்சின் ஓடும்போது, பி.டி.ஓ. அணைந்து, பார்க்கிங் பிரேக் போட்டிருந்தால், சீட்டை விட்டு எழுந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கலாம்.
3. பிரேக் விடுபட்ட நிலையில் எழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும்.
4. பி.டி.ஓ. போட்ட நிலையில் எழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும். பிளேடு சுமார் 5 நொடிக்குள் நின்றுவிட வேண்டும்.

மூன்றாவதையும் நான்காவதையும் செய்யும்போது வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களும் மேடையில் இருக்க, இடுப்பை மட்டும் நாலு அங்குலம் தூக்கினால் போதும். பக்கத்தில் குழந்தைகள், நாய் யாரும் இருக்கக் கூடாது. இதில் எது தவறுகிறது என்று குறித்துக்கொண்டு, கீழே அதற்குரிய தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 1: சரிவில் மட்டும் அணைகிறது

எப்படி அணைகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்று, சரியாக உட்கார்ந்ததும் ஒரே சுற்றில் மீண்டும் ஸ்டார்ட் ஆனால், அது மின்சாரப் பக்கம். கீழே உள்ள 'அ' கிளைக்குப் போங்கள். தும்மித் தும்மி, வேகம் ஏறி இறங்கி, மெல்ல உயிரை விட்டு, மறுபடி ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தால் பெட்ரோல் பக்கம். அது 'ஆ' கிளை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, வண்டி மட்டும் மேலே ஏற மறுக்கிறது என்றால் 'இ'.

இடையில் விழுகிற ஒரு வகையும் உண்டு. கார்புரேட்டருக்கு அடியில் எரிபொருளை நிறுத்தும் சொலினாய்டு உள்ள எஞ்சின்களில், அதன் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ஓரிரு நொடி தடுமாறிவிட்டு அணையும். அதையும் 'அ' கிளையிலேயே சேர்த்துப் பாருங்கள். சொலினாய்டின் ஒற்றை ஒயர் கனெக்டர் இறுக்கமாக இருக்கிறதா என்று சேர்த்துச் சோதியுங்கள்.

### அ. சட்டென்று அணைகிறது

முதலில் சரிவை அளந்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனால் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 4 அடி நீள லெவல் கட்டையை, சரிவு இறங்கும் திசையிலேயே, மேட்டுப் பக்க முனை தரையைத் தொடும்படி வையுங்கள். கீழ்ப்பக்க முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சுமார் 8½ அங்குலம் என்றால் சரிவு 10 டிகிரி. 13 அங்குலத்தை நெருங்கினால் 15 டிகிரி. பெரும்பாலான லான் டிராக்டர் கையேடுகள் 15 டிகிரியை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. 10 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளும் மாடல்களும் உண்டு. போனில் உள்ள செயலியால் அளந்தால், அது டிகிரியில் காட்டுகிறதா சதவீதத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். 15 டிகிரி என்பது ஏறத்தாழ 27 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

அளவு வரம்பைத் தாண்டினால் இந்தக் கிளை இங்கேயே முடிந்தது. ஸ்விட்ச் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பாகம் எதையும் வாங்காமல், 'சரிவில் எஞ்சின் நின்றுவிட்டால்' என்ற பகுதிக்குப் போங்கள்.

அடுத்து, உட்காரும் விதம். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் உடல் தன்னையறியாமல் மேட்டுப் பக்கம் சாயும். எடை முழுதும் ஒரு பக்க இடுப்புக்குப் போய்விடும். ஸ்விட்ச் சீட்டின் நடுவிலோ மறுபக்கத்திலோ இருந்தால், அந்தப் பக்கம் அரை அங்குலம் எழும்பினாலே போதும். லான் டிராக்டரை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும் என்று கையேடு சொல்வதற்கு முதல் காரணம் கவிழ்வதைத் தடுப்பது; ஸ்விட்ச் தொல்லை குறைவது கூடக் கிடைக்கிற நன்மை. சீட் முன்பின் நகர்த்தும் அளவும் முக்கியம். பெடல் எட்டாமல் முன்னால் வழுக்கி உட்காருபவரின் எடை சீட்டின் விளிம்பில்தான் விழும். ஒரு துளை முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

சீட்டும் அதன் ஸ்பிரிங்கும். சீட்டை முன்பக்கம் மடக்குங்கள். அடியில் சாதாரணமாக ஒன்றோ இரண்டோ ஸ்பிரிங் இருக்கும். ஆள் இல்லாதபோது சீட்டைத் தூக்கி வைப்பது அதன் வேலை. அதன் வலுவைச் சரிசெய்ய வழி இருந்தால், ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி வையுங்கள். கனமானவருக்கு வைத்த அளவிலேயே ஒல்லியானவர் உட்கார்ந்தால் சீட் முழுதாக இறங்காது. சீட்டின் முன்பக்கக் கீல் போல்ட்டில் துரு பிடித்திருந்தாலும், யாரோ அதை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தாலும் இதே கதைதான். கையால் அழுத்தினால் சீட் தடையில்லாமல் இறங்கி, விட்டதும் தானாக எழ வேண்டும்.

பழைய வண்டிகளில் சீட்டின் பஞ்சு நசுங்கி, அடித்தகடு விரிசல் விட்டிருக்கும். விரிசல் ஸ்விட்ச் உட்காரும் துளையைச் சுற்றித்தான் முதலில் வரும். அங்கே தகடு வளைந்து கொடுத்தால் புது ஸ்விட்ச் போட்டாலும் பலன் இருக்காது. சீட்டையே மாற்ற வேண்டும். பல மாடல்களில் அது நூறு டாலருக்கு மேல் ஆகும்.

கனெக்டர். ஸ்விட்சுக்குப் போகும் ஒயர், சீட்டை மடக்கும் ஒவ்வொரு முறையும் வளைகிறது. கனெக்டரை விட்டு ஓரிரு அங்குலத்துக்குள், மேலே தோல் நன்றாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருப்பது அடிக்கடி நடக்கும். ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தால், அறுந்த இடம் ரப்பர்போல நீளும். கனெக்டரின் உள்ளே பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றி, காய்ந்ததும் துளி டை எலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். பிரஷர் வாஷரால் வண்டியைக் கழுவுகிறவர்களுக்கு இந்தப் பச்சை தவறாமல் வரும். சீட்டுக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள்.

ஸ்விட்சையே சோதிப்பது. கனெக்டரைக் கழற்றி, மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஸ்விட்சின் முனைகளைத் தொடுங்கள். இரண்டு முனைகள் மட்டும் என்றால், பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் நிலை மாற வேண்டும்: ஒன்றில் பீப், மற்றதில் அமைதி. எந்த நிலையில் பீப் வர வேண்டும் என்பது மாடலைப் பொறுத்தது. எஞ்சினைத் தரையிணைப்பு மூலம் அணைக்கும் மாடலில், ஆள் உட்கார்ந்தால் தொடர்பு பிரிய வேண்டும். நான்கு முனைகள் என்றால் பெரும்பாலும் இரண்டு ஜோடிகள். அழுத்தினால் ஒன்று சேரும், மற்றது பிரியும். சேர்ந்த நிலையில் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். 10, 20 ஓம் காட்டினாலோ எண் நிலைகொள்ளாமல் ஆடினாலோ உள்ளே தேய்ந்துவிட்டது.

கையால் அழுத்திச் சரியாக வந்ததோடு விட்டுவிடாதீர்கள். கை முழு ஆழத்துக்கு அழுத்தும். சீட் அவ்வளவு அழுத்தாமல் இருக்கலாம். மீட்டர் ஒயர்களை முனைகளில் கிளிப்பால் மாட்டி, சீட்டை இறக்கி, உதவிக்கு வந்தவரை உட்காரச் சொல்லுங்கள். உட்காரும்போது பீப் மாறுகிறதா? பிறகு அவர் இடது பக்கம் சாயட்டும், வலது பக்கம் சாயட்டும், சற்று முன்னால் குனியட்டும். ஒரு பக்கம் சாய்ந்தபோது மட்டும் மீட்டர் விட்டு விட்டு ஒலித்தால், சரிவில் எஞ்சின் அணைவதற்கான காரணம் கையும் களவுமாகச் சிக்கிவிட்டது: சீட் பொத்தானைப் பட்டும் படாமலும்தான் அழுத்துகிறது. முதலில் சீட், ஸ்பிரிங், தகடு ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஸ்விட்சை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்விட்சை மாற்றுவது. பல ஸ்விட்சுகளைக் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். சிலவற்றில் இரண்டு காதுகளை அமுக்கித் தள்ள வேண்டும். உதிரி சாதாரணமாக 10 முதல் 40 டாலருக்குள் கிடைக்கும். வடிவத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வெளியே அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஸ்விட்சுகள் உள்ளே நேர்மாறாக வேலை செய்யும். ஒன்று அழுத்தினால் சேரும், மற்றது அழுத்தினால் பிரியும். தவறானதைப் போட்டால் ஆள் உட்கார்ந்தால் அணையும்; ஆள் இல்லாமல் ஓடும். பாகத்தின் எண்ணை வண்டியின் மாடல் எண்ணோடு ஒப்பிட்டு வாங்கி, மாட்டியதும் மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கனெக்டரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் ஓடும் என்று நினைத்துச் சிலர் முயல்வார்கள். பல வண்டிகளில் கனெக்டருக்குள்ளேயே ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். கழற்றியதும் அது ஒயர்களைச் சேர்த்து எஞ்சினை அணைத்துவிடும். அப்படி அணைந்தால் அது பழுது அல்ல, வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு. ஸ்விட்சைச் சோதிக்க ஒயரை முறுக்க வேண்டிய தேவையே இல்லை. மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

### ஆ. தும்மித் தும்மி அணைகிறது

டாங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இருந்தால், சரிவில் அது ஒரு மூலைக்கு ஒதுங்கி, குழாயின் வாய் காற்றை உறிஞ்சும். எஞ்சின் ஆறிய பிறகு முக்கால் டாங்க் நிரப்பி, வரம்புக்குள் உள்ள அதே சரிவில் ஓட்டிப் பாருங்கள். சரியானால் வேலை முடிந்தது.

சரியாகவில்லை என்றால் டாங்க் மூடியின் காற்றுத் துளை. சமதளத்தில் அரை மணி நேரம் ஓட்டி, எஞ்சின் திணறத் தொடங்கியதும் அணைத்து, மூடியைத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு எஞ்சின் இயல்பாக ஓடினால் துளை அடைத்திருக்கிறது, மூடியை மாற்றுங்கள். மூடியைத் தளர்வாக வைத்துக்கொண்டு சரிவில் ஓட்டக் கூடாது. பெட்ரோல் சூடான சைலன்சர்மேல் சிந்தும்.

அதற்கு அடுத்து ஃபில்டர், பிறகு வெடிப்பு விட்ட ரப்பர் குழாய். இரண்டும் மலிவு, பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

எண்ணெய் அளவைச் சமதளத்தில் வைத்துக் கட்டாயம் பாருங்கள். எண்ணெய் குறைந்த எஞ்சின் சரிவில் சாயும்போது பம்ப் காற்றை இழுக்கும். சில எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அணைக்கும் சென்சார் உண்டு. அது இல்லாதவை அணையாது. உள்ளே உரசி நாசமாகிக்கொண்டே ஓடும். இந்தக் கட்டுரையில் மிக அதிகச் செலவு வைக்கக்கூடிய அலட்சியம் இதுதான்.

### இ. எஞ்சின் ஓடுகிறது, வண்டி ஏறவில்லை

இது சீட் ஸ்விட்ச் வேலை இல்லை. பின்பக்கம் இருக்கும் விடுவிப்பு நெம்புகோலைப் பாருங்கள். அணைந்த வண்டியைத் தள்ளுவதற்காக டிரான்ஸ்மிஷனை விடுவிக்கும் நெம்புகோல் அது. பாதி விடுபட்ட நிலையில் இருந்தால் வண்டி ஏறாது. அதைவிட மோசமாக, சரிவில் எஞ்சின் பிடிமானமே இல்லாமல் உருளும். அடுத்து டிரைவ் பெல்ட்டின் தேய்மானம். சூடேறிய பிறகுதான் பலம் குறைகிறது, காலையில் நன்றாக ஏறுகிறது என்றால், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் தேய்ந்திருக்கலாம். சிறிய லான் டிராக்டர்களில் வரும் டஃப் டார்க் கே46 போன்ற வீட்டு உபயோக டிரான்ஸ்மிஷன்கள் தொடர்ந்து மேடேறும் வேலைக்கு உருவானவை அல்ல. இதற்கு மெக்கானிக்கிடம் போங்கள்.

## அறிகுறி 2: குழியில் குலுங்கினால் அணைகிறது

சமதளத்திலும் குலுங்கும்போது ஒரு நொடி 'விக்' என்று தடுக்கி மீள்வது, அல்லது அணைந்தே போவது. காரணங்கள் மேலே சொன்னவைதாம், வரிசை மட்டும் மாறும். இங்கே முதல் சந்தேகம் கனெக்டர்; அடுத்து ஸ்பிரிங்; பிறகு ஸ்விட்ச்.

எஞ்சினை ஓடவிட்டு, பி.டி.ஓ. அணைத்து, பிரேக் விட்டு, சமதளத்தில் அசையாமல் உட்காருங்கள். சீட்டுக்குப் போகும் ஒயர்க்கட்டை வேறொருவர் வெளியே, வண்டியின் பக்கவாட்டில் நின்று, நீளமான மரக்குச்சியால் ஆட்டட்டும். எஞ்சின் தடுக்கினால் ஒயர்தான். தடுக்கவில்லை என்றால் நீங்கள் சீட்டில் லேசாகக் குதித்துப் பாருங்கள்.

பேட்டரி முனை தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரலாம். ஸ்பேனரால் இரண்டு முனைகளையும் முடுக்கிவிட்டே மற்றதைத் தொடுங்கள். வேகத்தைக் குறைத்தால் தொல்லை நிற்கிறது என்றால், மைதானம்தான் கரடுமுரடு. குழிகளில் மண் நிரப்புவது ஸ்விட்ச் வாங்குவதைவிட மேல்.

## அறிகுறி 3: பி.டி.ஓ. போட்டவுடன் எஞ்சின் அணைகிறது

ஆள் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி நடந்தால், சீட் காலியாக இருப்பதாக வண்டி நினைக்கிறது. அதுதான் அதிக வாய்ப்புள்ள காரணம். 'அ' கிளையின் வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். விரைவாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி: பி.டி.ஓ. போடாமல், பிரேக்கை மட்டும் விட்டுப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் சீட் ஸ்விட்ச் அல்லது அதன் ஒயர். அணையவில்லை, பி.டி.ஓ. போட்டால் மட்டும் அணைகிறது என்றால் பி.டி.ஓ. பக்கம் தேடுங்கள்.

பி.டி.ஓ. பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது டெக், அதாவது பிளேடை மூடியிருக்கும் உறை. அடியில் ஈரப்புல் அப்பி, பிளேடு சுற்ற முடியாமல் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கலாம். அணையும் ஓசையே வேறுபடும்: சுமையில் அமுங்கி நிற்கும், சட்டென்று அல்ல. டெக் சுத்தமாக இருந்தால் பி.டி.ஓ. ஸ்விட்ச். அதுவும் சரி என்றால், பிளேடை எஞ்சினோடு இணைக்கும் மின்காந்த கிளட்ச். அதன் இரண்டு ஒயர்களுக்கிடையே பெரும்பாலும் 2 முதல் 4 ஓம் காட்ட வேண்டும். சுழியத்தை ஒட்டி வந்தால் உள்ளே ஷார்ட். ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். கிளட்ச் விலையுயர்ந்த பாகம். ஸ்விட்சுகளை எல்லாம் சோதித்து முடிக்காமல் வாங்கிவிடாதீர்கள்.

பின்னோக்கிப் போகும்போது மட்டும் பிளேடோடு எஞ்சின் அணைகிறது என்றால் பழுதே இல்லை. பின்னால் நிற்கும் குழந்தையைக் காப்பதற்காக வைத்த அமைப்பு அது. பல மாடல்களில் சாவியைத் தனி நிலைக்குத் திருப்பினால் தற்காலிகமாக விலக்கலாம். திரும்பிப் பார்த்துவிட்டே அதைச் செய்யுங்கள்.

## அறிகுறி 4: சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை

சீட் ஸ்விட்சைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்துவிட்டு வாருங்கள். அடுத்து ஃபியூஸ். பிறகு பிரேக் பெடலை அடி வரை அழுத்தி, பி.டி.ஓ. ஸ்விட்சை ஒரு முறை போட்டு அணைத்து, மறுபடி முயலுங்கள். இந்த அறிகுறியில் பிரேக் ஸ்விட்சும் பி.டி.ஓ. ஸ்விட்சும்தான் அதிகம் மாட்டும். பல லான் டிராக்டர்களில் ஸ்டார்ட் செய்ய சீட் ஸ்விட்ச் தேவையே இல்லை. ஆள் உட்காராமலேயே ஸ்டார்ட்டர் சுற்றும். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் ஸ்பார்க் வரவில்லை என்றால் அப்போது சீட் ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம்.

குளிர்காலம் முழுதும் ஷெட்டில் கிடந்த வண்டி என்றால் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள். சீட்டுக்கு அடியிலும் எஞ்சின் மேல்மூடிக்குள்ளும் கூடு கட்டியிருக்கும்.

## அறிகுறி 5: எழுந்தாலும் அணையவில்லை

இந்தப் பட்டியலில் உயிருக்கு ஆபத்தான அறிகுறி இது ஒன்றுதான். ஆனால் தொல்லை தராத அறிகுறி என்பதால் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டாதீர்கள், சமதளத்திலும்கூட.

முதலில் சாவியால் அணைத்துப் பாருங்கள். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையவில்லை என்றால், பற்றவைப்பை நிறுத்தும் ஒயர் எஞ்சினிடம் அறுந்தோ கழன்றோ இருக்கிறது. பெட்ரோல் வால்வை மூடி எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த ஒயரைத் தேடுங்கள். சாவியால் அணைகிறது, எழுந்தால் மட்டும் அணையவில்லை என்றால் சீட் ஸ்விட்ச் பொத்தான் அழுந்திய நிலையிலேயே சிக்கியிருக்கலாம்: புல்தூசி, துரு, உடைந்த ஸ்பிரிங்.

பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கியிருந்தால் மூன்றாவது காரணம்தான் அதிக வாய்ப்பு. முந்தைய சொந்தக்காரர் ஸ்விட்சை ஏமாற்றியிருப்பார். சீட்டை மடக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். கனெக்டரில் வளைத்துச் செருகிய பேப்பர் கிளிப், பொத்தானை அழுத்திக் கட்டிய ஜிப் டை, கறுப்பு டேப்புக்குள் முறுக்கிய இரண்டு ஒயர்கள், இவை வழக்கமான அடையாளங்கள். எடுத்து எறிந்துவிட்டு, கனெக்டரையும் ஸ்விட்சையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். எடுத்ததும் வண்டி அணையத் தொடங்கினால், அவர் எந்தக் கோளாறை மறைத்தார் என்பது தெரிந்துவிடும். அதற்குரிய தலைப்புக்குப் போங்கள்.

சரிவில் வண்டி சாயும்போது ஓட்டுபவர் கீழே விழுந்தால், பிளேடை நிறுத்துவதற்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் இல்லை. கையும் பெடலும் எட்டாது. இந்தச் சிறு பொத்தான் ஒன்றுதான் இருக்கிறது.

## சரிவில் எஞ்சின் நின்றுவிட்டால்

எழுந்திருக்காதீர்கள். பிரேக்கை முழுதாக அழுத்துங்கள், பி.டி.ஓ. அணையுங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் வண்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்; ஆனால் அதை நம்பி இறங்கினால் வண்டி மெல்ல நகரத் தொடங்கும். பிளேடு போடாமல் ஸ்டார்ட் செய்து, நேராகக் கீழே, மெதுவாக இறங்குங்கள். ஏறும்போது நின்றிருந்தால் வந்த தடத்திலேயே பின்னோக்கி இறங்குங்கள். சரிவின் நடுவில் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும், நியூட்ரலில் உருளவிடுவதும் கூடவே கூடாது.

லான் டிராக்டருக்கு மேலும் கீழுமாக; கையால் தள்ளும் மோவருக்குக் குறுக்காக. இரண்டையும் மாற்றிக்கொள்ளாதீர்கள். ஜீரோ டர்ன் வண்டிக்குத் திசை மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்கள். பல ஜீரோ டர்ன்களின் முன்சக்கரங்கள் வெறும் உருளைகள். திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தாம். ஈரப்புல்லில் அவை வழுக்கினால் ஸ்டீயரிங்கும் போச்சு, பிரேக்கும் போச்சு. பாதுகாப்பு வளையம் (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) உள்ள வண்டியில் வளையம் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம்; மடக்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது, சரிவுக்கும் போகக் கூடாது.

பின்னால் புல் பை மாட்டியிருந்தால், நிரம்ப நிரம்ப எடை பின்னுக்குப் போய் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். சரிவுக்குப் போகும் முன் பையைக் காலி செய்யுங்கள். குளம், கால்வாய், தடுப்புச் சுவர் ஓரத்தில் குறைந்தது இரண்டு மோவர் அகலம் தள்ளியே ஓட்டுங்கள். அந்த ஓரத்தை ஸ்டிரிங் டிரிம்மரால் வெட்டிக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டும் மேட்டில் புல்லுக்குப் பதிலாகப் படரும் செடி நட்டுவிட்டால் வெட்டும் வேலையே இல்லை.

கருவி எதுவும் இல்லாதபோது செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிளேடு அணைத்த நிலையில், அந்த மேட்டில் வண்டியைப் பின்னோக்கி ஏற்ற முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றாலோ, ஏற்றும்போது வயிற்றைக் கலக்கினாலோ, அங்கே ரைடிங் மோவர் கூடாது.

## எப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுவது

புது ஃபியூஸ் இரண்டாவது முறையும் எரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள். சீட், பிரேக், பி.டி.ஓ. ஸ்விட்சுகள் மூன்றும் மீட்டரில் சரியாக இருந்தும் எஞ்சின் விட்டு விட்டு அணைந்தால், ஒயர்க்கட்டுக்குள்ளோ மின்னணு மாட்யூலிலோ கோளாறு. அதைத் தேடுவதற்கு ஒயரிங் படமும் அனுபவமும் வேண்டும். பி.டி.ஓ. அணைத்து 5 நொடிக்கு மேலும் பிளேடு சுற்றிக்கொண்டிருந்தாலோ, பார்க்கிங் பிரேக் மென்மையான சரிவில்கூட வண்டியைப் பிடிக்காவிட்டாலோ, ஒரு முறை கவிழ்ந்த வண்டியாக இருந்தாலோ, நீங்களாகக் கை வைக்க வேண்டாம். வளைந்த பாதுகாப்பு வளையத்தைத் தட்டி நிமிர்த்தவோ வெல்டிங் செய்யவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பேட்டரியில் ஓடும் ரைடிங் மோவர்களிலும் சீட் ஸ்விட்ச் உண்டு. சீட், ஸ்பிரிங், கனெக்டர் வரை நீங்கள் பார்க்கலாம். அதற்கு மேல் திரையில் காட்டும் கோளாறு எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

மெக்கானிக்குக் கூலி மணிக்கணக்கு. வண்டியை ஏற்றி இறக்க வாடகை தனி. அவரிடம் போகும்போது, நான்கு சோதனைகளில் எது தவறியது, சட்டென்று அணைந்ததா தும்மி அணைந்ததா, எந்தப் பக்கம் சாயும்போது, சரிவு எத்தனை டிகிரி, சீட் ஸ்விட்ச் மீட்டரில் எத்தனை ஓம் என்று ஒரு தாளில் எழுதி, சாவியோடு கட்டிக் கொடுங்கள். தேடும் நேரமும் அதற்கான கூலியும் குறையும்.